சுத்த ‘க’ பிரிவு

அந்தச் சொல்லைக் கண்டுபிடித்த குழுவில் ஏழு பேர் இருந்தார்களாம். ஏழு பேருமே தமிழில் கரைகண்டவர்கள். எச்.ஐ.வி. கிருமியில் பல வகை இருக்கிறது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் பரவுகிறதா என்று பார்க்கப்போகிறோம், அட்டையில் அச்சடிக்க ஒரு தமிழ்ச் சொல் கொடுங்கள் என்று மேலிடத்திலிருந்து கேட்டார்கள். ‘வகை’ என்று போட்டிருக்கலாம். அப்படிப் போட்டால் அதற்குக் குழு எதற்கு? மதியச் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. ‘உட்பிரிவு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்கள். போகிற போக்கில், ஆங்கில எழுத்து என்ன வேண்டிக்கிடக்கிறது என்று பழைய ஏ, பி, சி-யையும் தூக்கிக் கடாசிவிட்டு, கிருமியைப் புதிதாக வகுத்து க, ச, ட, த, ப, ற என்று வல்லினத்தில் பெயர் வைத்தார்கள். இரண்டு வகை சேர்ந்து உண்டான கிருமிக்குக் ‘கலப்பு’ என்று பெயர்.

நம் ஊரில் ஓர் அட்டையில் ‘உட்பிரிவு’ என்று அச்சடித்துப் பக்கத்தில் இடம் விட்டால் என்ன நடக்கும் என்பது அந்த ஏழு பேருக்கும் தெரியாதாம். சரி, நம்பிக்கொள்வோம்.

நாமக்கல்லில் வையாபுரிக்கு அந்த அட்டை வந்தபோது அவர் லாரி மேய்த்துக்கொண்டிருந்தார். வாலிபத்தில் அசாம் வரைக்கும் லாரி ஓட்டியவர். இப்போது லாரிகள் தாமாகவே ஓடப் பழகிவிட்டன. இவர் ஏசி அறையில் உட்கார்ந்து, எந்த லாரி எந்த டோல்கேட்டில் முழித்துக்கொண்டு நிற்கிறது என்று திரையில் பார்த்துச் சொல்ல வேண்டும். வாலிபத்தில் அந்த நோய் வந்தது. முதல் மனைவிக்கும் அவர் மூலமாக வந்தது, மகள் நித்திலாவுக்குப் பிறவியிலேயே வந்தது. முதல் மனைவி போய்ச் சேர்ந்தாள். அதன் பிறகு வையாபுரி ஒரு வேளை மாத்திரைகூடத் தவறவிட்டதில்லை. நோய் இருப்பது தெரிந்தே, ‘டாக்டரம்மா ஒட்டாதுன்னு சொன்னா ஒட்டாது’ என்று துணிந்து அவரைக் கட்டிக்கொண்டவள் கோகிலம். நித்திலாவுக்கு அப்போது ஆறு வயது. அம்மா என்று அவள் கூப்பிட்டதெல்லாம் கோகிலத்தைத்தான். இருபது வருஷமாகக் கோகிலத்துக்கு ஒரு சளி காய்ச்சலுக்கு மேல் எதுவும் வந்ததில்லை.

அட்டையில் பெயர், வயது, மருந்து எல்லாம் ஒழுங்காக இருந்தன. ‘பரவு எண்’ என்று ஒரு கட்டம். அதற்கு மேலே, ‘உட்பிரிவு: காணப்படவில்லை’.

வையாபுரிக்குச் சுருக்கென்றது. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஊரில் முதல் அட்டைகள் வந்த சில மாதத்துக்குள் நாமக்கல் நோயாளிகள் சங்கம் இருந்த இடம் தெரியாமல் போயிருந்தது. முப்பது வருஷமாக ‘எங்களை ஒதுக்காதே’ என்று தொண்டை கிழியக் கத்திய சங்கம் அது. இப்போது ‘க’ பிரிவினர் நலப் பேரவை என்று ஒன்று. ‘ச’ பிரிவு இளைஞர் அணி என்று ஒன்று. ‘த’ பிரிவுக்காரர்களுக்குப் பரவு எண் ஏழு என்பதால் அவர்கள் கூட்டத்துக்கு வந்தால் பக்கத்து நாற்காலிகள் காலியாகிவிடும். இத்தனைக்கும் எல்லாருமே ஏற்கெனவே நோயாளிகள், நாற்காலியிலிருந்து தொற்றிக்கொள்ள இனி என்ன பாக்கி இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. ‘கலப்பு’க்காரர்கள் பாடு இன்னும் மோசம். பேரவை ஒரு செயலி வைத்திருந்தது. அட்டையில் பிரிவு ஏறியதும் அது தானாகவே மோப்பம் பிடித்து உங்களை உங்கள் ஆட்களோடு சேர்த்துவிடும், ஊருக்கெல்லாம் வாழ்த்துச் செய்தியும் அனுப்பிவிடும். அதில் வரன் பகுதி தனி. ‘சுத்த க பிரிவு, பரவு எண் இரண்டு, சொந்த லாரி, அதே பிரிவில் நல்ல குடும்பத்துப் பெண் தேவை, கலப்பு தொடர்பு கொள்ள வேண்டாம்.’

வையாபுரிக்குக் கல்யாணத்துக்கு மகள் இருந்தாள். அட்டையை எடுத்துக்கொண்டு நேரே, எச்.ஐ.வி.க்கு மருந்து கொடுக்கிற ஏ.ஆர்.டி. சென்டருக்குப் போனார்.

டாக்டர் மெஹருன்னிசா அவரை இருபது வருஷமாகப் பார்ப்பவர். அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“அருமை! வாழ்த்துகள் வையாபுரி.”

“ஏனுங் டாக்டரம்மா, பிரிவே இல்லைன்னு போட்டிருக்குது, வாழ்த்துறீங்களே?”

“பிரிவு பாக்கணும்னா மெஷினுக்கு ரத்தத்துல கிருமி கிடைக்கணும். உங்ககிட்ட கிடைக்கல. மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டா கிருமி தலைதூக்காது. அதைத்தான் போட்டிருக்கு.”

“அப்ப பிரிவு எப்பத் தெரியும்?”

“தெரியவே வேண்டாம். தெரிஞ்சா அன்னைக்குத்தான் நான் அழணும்.”

“இல்லீங்க, இந்தப் பரவு எண்ணு… ரெண்டு, ஏழுங்கறாங்களே?”

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். இந்தக் கேள்விக்கு அவர் அன்றைக்கு எத்தனையாவது தடவையாகப் பதில் சொல்கிறாரோ.

“இதைக் கேளுங்க. மருந்தே சாப்பிடாத ஆயிரக்கணக்கான ஆளுங்களை எடுத்துக்கிட்டுப் பாத்தா, ஒரு வகை கொஞ்சம் வேகமாப் பரவுற மாதிரி தெரியுது, இன்னொண்ணு கொஞ்சம் மெதுவா. ஒரு ஆராய்ச்சி ஆமாங்குது, இன்னொரு ஆராய்ச்சி இல்லைங்குது. அதுல வந்த சராசரியைத்தான் எண்ணுன்னு போட்டிருக்காங்க. அது கூட்டத்துக்குப் போட்ட கணக்கு, உங்களுக்குப் போட்டதில்ல. ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்குப் போறதுக்கு முக்கியம், ரத்தத்துல எவ்வளவு கிருமி இருக்குங்கறதுதான். ஒண்ணும் இல்லாதவர்கிட்ட எந்த எழுத்து இருந்தா என்ன? இருந்தாத்தானே ஒட்டும்?”

“அது சரிங்க. ஆனா நாலு பேரு கேட்டா…”

“நாலு பேரையும் இங்க அனுப்புங்க.”

நாலு பேரும் டாக்டரிடம் போகிறவர்கள் இல்லை. போயிருந்தால் ஊர் இந்த லட்சணத்தில் இருந்திருக்காது.

நித்திலா முட்டை ஏற்றுமதி ஆய்வகத்தில் வேலை பார்த்தாள். அங்கேதான் அகரனைப் பார்த்தாள். அவனும் பிறவியிலேயே நோயோடு வந்தவன், அவளைப் போலவே மாத்திரைக்குப் பதில் ஆறு மாதத்துக்கு ஒரு தரம் ஊசி போட்டுக்கொள்கிறவன். இரண்டு பேருக்கும் பிடித்துப்போய்விட்டது. அகரனின் அப்பா பொன்னுரங்கம் வேறு யாருமில்லை, ‘க’ பிரிவினர் நலப் பேரவையின் தலைவர். எல்லாரும் மருந்தை வைத்துத் தப்பித்தார்கள் என்றால் அவர் ஒரு குளிர்பெட்டியை வைத்துத் தலைவரானார். நோய் வந்த புதிதில் அவரிடம் எடுத்த ரத்தம் ஏதோ ஒரு ஆய்வகத்தில் உறைந்து கிடந்திருக்கிறது. அதைக் கிளறி எடுத்து, ‘க’ என்று சான்றிதழ் வாங்கி, சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டிவிட்டார்.

பெண் பார்க்க வந்த அன்று பொன்னுரங்கம் பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே பேச்சைத் தொடங்கினார்.

“நமக்குள்ள ஒளிவு மறைவு என்னத்துக்குங்க. பையனுக்கும் ஊசி, பொண்ணுக்கும் ஊசி. அதுக ரத்தத்துல தேடுனா இந்த ஜென்மத்துல பிரிவு கிடைக்காது. அப்ப பெத்தவங்கதான் காட்டோணும். என்ற பிரிவு சுத்த ‘க’ங்க. நீங்க?”

“நானும் ‘க’தானுங்க,” என்றார் வையாபுரி. வாய் அதுவாகவே சொல்லிவிட்டது. முற்றிலும் பொய்யென்றும் சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் அவரோடு அசாம் போன கிளீனர் ‘க’தான். ஒரே ரூட்டு, ஒரே சாப்பாட்டுக் கடை, மற்றதும் ஏறக்குறைய ஒரே இடம்.

“அட்டையில ஏறலையாட்ட இருக்குதே?”

“ஏறிருமுங்க. ஆபீசுல லேட்டுப் பண்றாங்க.”

“ஏறட்டும் ஏறட்டும். நிச்சயத்துக்கு முன்னால ஏறுனாப் போதும். கலப்பு கிலப்பு வந்துச்சுன்னா வையுங்க, பேரவையில நான் எப்படி மூஞ்சியில முழிக்கறது? நமக்குன்னு ஒரு இது இருக்குதில்ல.” பொன்னுரங்கம் குரலைத் தாழ்த்திக் கோகிலத்தின் பக்கம் கண்ணைக் காட்டினார். “சம்பந்தியம்மா எந்தப் பிரிவுங்க?”

“அவளுக்கு ஒண்ணும் இல்லீங்க.”

“அட்டை வரலீங்களா?”

“நோயே வரலீங்க,” என்றாள் கோகிலம், காபி டம்ளரை நீட்டிக்கொண்டே.

பொன்னுரங்கத்தின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. நல்லது கேட்டு வந்த இடத்தில் கெட்டது கேட்டுவிட்டவர் போல, “ஓ” என்றார். பிறகு மரியாதைக்குக் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, நிச்சயத்தன்று தாம்பூலம் மாற்றும்போது பிரிவு உள்ளவர்கள் மட்டும் சபையில் முன்னால் நிற்பது பேரவையில் வழக்கமாகிவிட்டது என்றார். வழக்கத்துக்கு வயது எட்டு மாதம். அதைச் சொல்லும்போது அவர் குரலில் எட்டு நூற்றாண்டுப் பழமை இருந்தது.

அவர்கள் போனதும் நித்திலா பொரிந்து தள்ளினாள்.

“ஏனுங்கப்பா, ரத்தத்துல கிருமி இல்லைங்கறது சந்தோஷமா, துக்கமா? மொதல்ல அதைச் சொல்லுங்க.”

“சந்தோஷந்தான் கண்ணு. ஆனா சபையில கேட்டா என்ன சொல்றது?”

“கிருமி இல்லைன்னு சொல்லுங்க.”

“கிருமியே இல்லைன்னா அப்புறம் எதை வெச்சு நம்மளைச் சேத்துவாங்க?”

நித்திலா தலையில் அடித்துக்கொண்டாள். “அம்மா முன்னால நிக்கலைன்னா நானும் அந்தச் சபையில நிக்க மாட்டேன். ரிஜிஸ்டர் ஆபீசுல போய்க் கட்டிக்குவோம். அகரனுக்கும் அதுதான் இஷ்டம்.”

“அப்படியெல்லாம் பேசாத சாமி,” என்று கோகிலம்தான் குறுக்கே வந்தாள். “நான் பின்னால நின்னா உனக்கு என்ன கொறஞ்சு போகுது? அங்கிருந்தே நல்லாத் தெரியும். உன்ற கல்யாணம் நல்லபடியா நடக்கோணும், அதுதான் எனக்கு வேணும். இவங்க ஆட்டமெல்லாம் எத்தனை நாளைக்கு?” சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனாள். அங்கே கொஞ்ச நேரம் பாத்திரச் சத்தமே கேட்கவில்லை. வையாபுரிக்கு உள்ளே என்னவோ செய்தது. ஆனால் அட்டைதான் இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

ரிஜிஸ்டர் ஆபீஸ் என்ற வார்த்தை வையாபுரியைத் தூங்கவிடவில்லை. தாயில்லாப் பிள்ளை என்று யாரும் சொல்லாதபடி வளர்த்தாயிற்று, நோயாளிப் பிள்ளை என்று யாரும் சொல்லாதபடி ஒரு கல்யாணம், மேளம் வைத்து, பந்தல் போட்டு, நாலு பேர் பார்க்கச் செய்துவிட வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் ஆசை. அதற்கு இடைஞ்சல் ஒரே ஒரு காலிக் கட்டம். அதை நிரப்ப ஒரு துளி ரத்தம் போதும், அதில் கிருமி இருக்க வேண்டும், அவ்வளவுதான். டாக்டர் வாயாலேயே வழியைச் சொல்லியிருந்தார். மாத்திரை சாப்பிட்டால் தலைதூக்காது என்றால், சாப்பிடாவிட்டால்?

கோகிலத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டின் ஓரத்தில், உப்பு வைக்கிற இடத்தில் மாத்திரையை வைத்துவிடுவாள். சோற்றைப் போடுவது அதற்குப் பிறகுதான். அவர் மறந்த நாள் உண்டு, அவள் மறந்த நாள் கிடையாது. அவர் அதை எடுத்து வாயில் போடுவது போல் பாவனை காட்டி, வேட்டி மடிப்பில் செருகிக்கொள்ளத் தொடங்கினார். வாலிபத்தில் செக்போஸ்ட்டில் எதை எதையோ மறைத்த கை அது. அவள் நிம்மதியாகச் சோற்றைப் போட்டாள்.

முதல் சில நாள் அவருக்கே பயமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. உடம்பில் ஒரு மாற்றமும் இல்லை. இத்தனை வருஷம் இந்த டாக்டரம்மா நம்மை வீணாகப் பயமுறுத்தியிருக்கிறார் என்றுகூட ஒரு நாள் நினைத்துக்கொண்டார். அதற்கான பாவத்தையும் சேர்த்தே கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.

சென்டருக்குப் போனால் டாக்டர் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் பேருந்து நிலையத்துக்கு எதிரே, செல்போன் ரிப்பேர் கடைக்கும் ஜாதக நிலையத்துக்கும் நடுவில், ‘உடனடி உட்பிரிவு’ என்று ஒரு கடை வந்திருந்தது. உள்ளே தையல் மெஷின் அளவில் ஒரு கருவி. விரலைக் குத்தி ஒரு சொட்டு விட்டால் டீ ஆறுவதற்குள் எழுத்தைச் சொல்லிவிடும், அட்டையிலும் ஏற்றிவிடும். வையாபுரியைப் போல மாத்திரையை நிறுத்திவிட்டு வந்தவர்கள் அங்கே வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஒரு அம்மாள் மகனுக்கு வரன் பார்க்கிறாளாம். ஒரு வாத்தியார் பேரவைத் தேர்தலில் நிற்கிறாராம். எல்லாரும் நல்ல காரியத்துக்குத்தான் வந்திருந்தார்கள்.

முதல் தடவை கருவி எழுத்து எதுவும் சொல்லவில்லை. கடைக்காரன் அனுபவஸ்தன்.

“இன்னும் பத்தலீங்கண்ணா. இன்னும் கொஞ்சம் ஊறட்டும், அடுத்த வாரம் வாங்க. மாத்திரைய நடுவுல எடுத்துறாதீங்க, மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கோணும்.”

ஊறுகாய்க்குச் சொல்வது போலத்தான் சொன்னான். வையாபுரியும் தலையாட்டிவிட்டு வந்தார்.

அடுத்த வாரம் கிடைத்தது. ‘உட்பிரிவு: க. பரவு எண்: 2.’

அவருக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்காரன் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த வாத்தியாருக்குக் ‘கலப்பு’ என்று வந்து, மனிதர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவரைக்கூட வையாபுரி கவனிக்கவில்லை. வீடு போய்ச் சேர்வதற்குள் செயலி வேலையைக் காட்டிவிட்டது. ‘க பிரிவின் மூத்த உறுப்பினர் வையாபுரி அவர்களை வருக வருக என வரவேற்கிறோம்’ என்று பூங்கொத்துப் படத்தோடு போன் நிரம்பி வழிந்தது. பொன்னுரங்கமே கூப்பிட்டு, “நான் அன்னைக்கே சொன்னனில்லீங்க, முகத்தைப் பாத்தாலே தெரியுது சுத்தமான ஆளுன்னு” என்றார். எந்த முகத்தில் எந்தக் கிருமி எழுதி ஒட்டியிருந்ததோ.

கோகிலத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. “ஆபீசுல இருந்து வந்துருச்சுங்களா? பரவால்ல, நல்லதாப் போச்சு,” என்றாள். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை அவள் பார்த்து வெகுநாளாகிவிட்டது. அவளும் சந்தோஷப்பட்டாள். பாயசம் வைத்தாள்.

அன்றைக்கே மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்திருக்க வேண்டும். ஆரம்பித்துவிடலாம் என்றுதான் இருந்தார். ஆனால் நிச்சயத்தன்று பேரவைக்காரர்கள் கருவியைக் கொண்டுவந்து சபையில் வைத்தே சரிபார்ப்பார்கள் என்று யாரோ சொன்னார்கள். அப்போது கட்டம் காலியாகப் போய்விட்டால் மானம் போய்விடுமே. நிச்சயம் முடியட்டும் என்று விட்டுவிட்டார். தவிர, எண் இரண்டுதானே? ஏழு என்றால் பயப்படலாம். இரண்டு என்றால் மெதுவாகப் பரவுகிற ஜாதி. அரசாங்கமே அச்சடித்துக் கொடுத்திருக்கிறது. கோகிலத்தை நினைத்தபோதெல்லாம் அந்த எண்ணையும் சேர்த்து நினைத்துக்கொண்டார். அவளிடம் சொல்லி விலகியிருந்திருக்கலாம். சொன்னால் ஏன் எதற்கு என்று கேட்பாள், பிறகு நித்திலாவுக்குப் போகும், நித்திலா நேரே ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போவாள். சொல்லாமலேயே விலகியிருந்திருக்கலாம். புருஷன் பெண்டாட்டி, வீட்டில் இருபது வருஷத்தில் இல்லாத சந்தோஷம். விலகவில்லை.

நிச்சயம் ஜாம்ஜாம் என்று நடந்தது. கருவி வந்தது. வையாபுரி சபை நடுவில் விரலை நீட்டினார். ‘க’ என்று திரையில் வந்ததும் கைதட்டினார்கள். நாதஸ்வரக்காரர் என்ன விஷயம் என்று தெரியாமலே கெட்டி மேளத்துக்குக் கையைக் காட்டிவிட்டார். கோகிலம் பின்வரிசையில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நித்திலா யார் பேச்சையும் கேட்காமல் மேடையிலிருந்து இறங்கிப் போய் முதல் தாம்பூலத் தட்டை அவள் கையில்தான் கொடுத்தாள். பேரவைக்காரர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். அன்று ராத்திரியிலிருந்து வையாபுரி மாத்திரையை ஒழுங்காக விழுங்க ஆரம்பித்தார். மனசு லேசாக இருந்தது. கிணறு தாண்டியாயிற்று என்று நினைத்துக்கொண்டார்.

கல்யாண வேலை நடந்துகொண்டிருந்தபோது கோகிலத்துக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் கஷாயம் வைத்துக் குடித்தாள். விடவில்லை. கழுத்தில் நெறி கட்டியது. மார்பிலும் முதுகிலும் சிவப்புச் சிவப்பாகத் தடித்தது. “அலைச்சலுங்க, வேற ஒண்ணுமில்ல,” என்று அவள் சொல்லிக்கொண்டே பத்திரிகைக்கு மஞ்சள் தடவினாள். வையாபுரி அந்தத் தடிப்பை முன்னே பார்த்திருக்கிறார். வாலிபத்தில், நோய் தொற்றிய புதிதில், ஒரு லாட்ஜ் கண்ணாடியில், தன் உடம்பிலேயே. அவர் கையிலிருந்த மஞ்சள் கிண்ணம் கீழே விழுந்தது.

“எந்திரி,” என்றார். “டாக்டரம்மாகிட்டப் போலாம்.”

“இந்தக் காய்ச்சலுக்கு எதுக்குங்க அங்க?”

“எந்திரின்னு சொல்றேனில்ல!”

சென்டரில் மெஹருன்னிசா கோகிலத்தின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், தடிப்பைப் பார்த்தார். பிறகு வையாபுரியைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் இரண்டு பேருக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவு வந்ததும் அதை மேசை மேல் கவிழ்த்து வைத்துவிட்டு வையாபுரியிடம் கேட்டார்.

“எப்ப நிறுத்துனீங்க?”

வையாபுரி வேட்டி மடிப்பைச் சரிசெய்துகொண்டார்.

“அவரு எதுக்குங்க நிறுத்தறாரு?” என்றாள் கோகிலம். “தெனமும் நான்தானே தட்டுல வெக்கறேன். என்ற கண்ணு முன்னாலதான் முழுங்குவாரு.”

“வையாபுரி, உங்களைத்தான் கேக்கறேன்.”

“நிச்சயத்துக்கு முன்னாலங்க,” என்றார். “ஒரு மாசத்துக்கு மேல இருக்கும். எழுத்து விழோணும்னு… சம்பந்தி வீட்டுல கேட்டாங்க. ரெண்டுன்னு போட்டிருந்துச்சுங்க டாக்டரம்மா. ரெண்டுதானேன்னு இருந்துட்டனுங்க.”

“ரெண்டுங்கறது யாருக்கோ, எங்கேயோ எடுத்த சராசரின்னு உங்ககிட்டச் சொன்னேனா இல்லையா? ரொம்ப நாள் அடக்கி வெச்ச கிருமி, விட்டதும் எப்படிக் கிளம்பும்? உங்க ரத்தத்துல இப்பவும் அவ்வளவு இருக்கு. அது கிட்டப் போய் நீ ரெண்டு, நீ ஏழுன்னு எண்ணு காட்டுனா நிக்குமா?” டாக்டர் மேசை மேல் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார். “இருபது வருஷம், வையாபுரி. இந்தச் சென்டருக்கு வர்ற ஒவ்வொரு புதுப் பொண்ணுகிட்டயும் உங்க ரெண்டு பேரைத்தான் உதாரணமாச் சொல்லிட்டிருந்தேன்.”

கோகிலம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குப் புரிய ஆரம்பித்தது. அழவில்லை, கத்தவில்லை. புருஷன் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெரிந்த ஆள்தானா என்று சரிபார்ப்பவள் போல இருந்தது. வையாபுரிக்கு அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. “என்னைச் செருப்பால அடி கோகிலம்,” என்றார்.

“நான் வெச்ச மாத்திரைய என்ன பண்ணுனீங்க?” என்று கேட்டாள்.

“மடியில… செருகிக்கிட்டேன்.”

“நான் பாத்துட்டே இருந்தேனே,” என்றாள் அவள். அதை மட்டும்தான் அவளால் நம்ப முடியவில்லை.

மூலையில் இருந்த அச்சு எந்திரம் முனகிவிட்டு ஓர் அட்டையைத் துப்பியது. புது நோயாளி யார் வந்தாலும் அட்டை தானாக வந்துவிடும், யாரும் நிறுத்த முடியாது. கருவி இந்தத் தடவை கொஞ்சமும் திணறவில்லை. புதிதாக வந்த கிருமி, ரத்தம் முழுக்க இருந்தது. டாக்டர் அட்டையை எடுத்து மேசை டிராயருக்குள் போட்டுவிடப் பார்த்தார். கோகிலம் கையை நீட்டினாள். வாங்கிப் படித்தாள். பெயர்: கோகிலம். வயது: நாற்பத்தாறு. உட்பிரிவு: க. பரவு எண்: 2.

அவள் படித்து முடிப்பதற்குள் வையாபுரியின் போன் அடித்தது. அவர் எடுக்கவில்லை. அது அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. அணைக்கப் போன விரல் எங்கேயோ பட்டு, ஸ்பீக்கர் திறந்துகொண்டது.

“சம்பந்தி!” பொன்னுரங்கத்தின் குரல் அறை முழுக்கக் கேட்டது. பின்னணியில் யார் யாரோ பேசிக்கொள்ளும் சத்தம். “இப்பத்தானுங்க செயலியில பாத்தேன்! சம்பந்தியம்மாவும் ‘க’வாமே! முன்னாலயே சொல்லக் கூடாதுங்களா? என்ற வீட்டுல எல்லாரும் ரொம்ப சந்தோஷப்படறாங்க. இனி ஒரு குறையும் இல்ல. பேரவையில இருந்து சால்வையோட வாரோமுங்க! எப்பிடிங்க திடீர்னு?”

அகரனின் குரல் பின்னாலிருந்து, “அப்பா, போனை வையுங்க! என்ன பேசறீங்கன்னு தெரிஞ்சுதான் பேசறீங்களா?” என்று அலறுவதும் கேட்டது.

கோகிலம் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“சீருங்க சம்பந்தி,” என்றாள். “பொண்ணு கல்யாணத்துக்கு அவரு எனக்குச் செஞ்ச சீரு. உங்க சபையில கேட்டாக்க அப்படியே சொல்லிப்போடுங்க.”

“அப்பிடிங்களா,” என்றார் பொன்னுரங்கம், புரியாமலே. “ரொம்ப சந்தோஷமுங்க.”

அவள் போனை அணைத்து மேசை மேல் வைத்தாள். மருந்து எப்படிச் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொல்ல ஆரம்பித்து, யாரிடம் சொல்கிறோம் என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டார். கோகிலம் எழுந்து மருந்து கொடுக்கிற ஜன்னலுக்குப் போனாள். வையாபுரியும் கூடவே எழுந்தார்.

“நீங்க உக்காருங்க,” என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல். “என்ற மாத்திரைய நானே வாங்கிக்கறேன்.”